சிபாரிசு, சான்று, துண்டு

"சேர், வேலைக்குப் போடணும், ஒரு சிபாரிசுக் கடிதம் எழுதித் தாங்க." ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகள் உயர்தரம் முடித்ததும் ஆசிரியர்களிடம் இப்படித்தான் கேட்பார்கள். உண்மையில் அவர்களுக்கு வேண்டியது சிபாரிசு அல்ல, சான்று.

சிபாரிசு பாரசீகச் சொல். அங்கே 'சிஃபாரிஷ்', உருது வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தது. ஒருவருக்காக இன்னொருவரிடம் சொல்லி வைப்பது என்று பொருள். அரச படிவங்களில் 'திணைக்களத் தலைவரின் சிபாரிசு' என்று மரியாதையாக இருக்கிறது. பேச்சில்தான் பெயர் கெட்டுப்போனது. "சிபாரிசு பிடிச்சு உள்ளே போனவன்" என்றால் அது பாராட்டு இல்லையே.

இதற்கு நேர்த் தமிழ் பரிந்துரை. பரிதல் என்றால் அன்பு கொள்ளுதல், இரங்குதல். பரிந்து பேசுபவர் ஒரு பக்கம் சாய்ந்துதான் பேசுவார்.

சான்று அப்படியல்ல. நிறைதல், பொருந்துதல் என்னும் பொருளுள்ள 'சால்' அதன் வேர். சால்பும் சான்றோரும் அதன் உறவுகள். பழந்தமிழில் சாட்சிக்குக் 'கரி' என்றும் பெயர். குறளில் வரும் 'இந்திரனே சாலுங் கரி' என்பதற்கு, இந்திரனே போதிய சாட்சி என்று பொருள். சான்று சொல்பவர் தான் கண்டதைச் சொல்பவர்.

மலையகத்தில் ஒருகாலத்தில் வேறொரு கடதாசி இருந்தது: துண்டு. தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக, துரை, அதாவது தோட்ட நிர்வாகி, எழுதிக் கொடுத்த சீட்டு அது. ஆள் எப்படி வேலை செய்தார் என்பதைச் சொல்ல எழுதியதல்ல. கடன் இவ்வளவு, கட்டினால் விடுவிப்போம், அவ்வளவுதான். புதிய தோட்டம் கொடுத்த முற்பணத்தில் பழைய கடன் தீரும். புதிய கடனாக அதே சுமை ஆளோடு கூடவே போகும். இந்தத் தமிழ்ச் சொல்லை ஆங்கில ஆவணங்களும் அப்படியே எடுத்துக்கொண்டன. 1921இல்தான் சட்டம் அந்தத் துண்டு முறையை ஒழித்தது.

சரி, கடிதத்துக்கு வருவோம். சான்று முன்னால், பரிந்துரை பின்னால். எழுதுபவரின் முகவரி, திகதி, யாருக்கு என்பது முடிந்ததும் முதல் பந்தியிலேயே, இவரை எத்தனை வருடமாக, எந்த வகையில் தெரியும் என்று சொல்லிவிட வேண்டும். அடுத்தது கண்ணால் கண்ட ஒரு விஷயம். 'நற்குணமும் கடின உழைப்பும் உடையவர்' என்ற வரி எல்லார் கடிதத்திலும் இருப்பதால் யாரும் அதை வாசிப்பதில்லை. 'வாசிகசாலைக் கணக்கை இரண்டு வருடம் பிசகில்லாமல் எழுதினார்' என்றால் வாசிப்பவர் அங்கே நிற்பார். கடைசியில்தான், பதவியின் பெயரோடு, 'ஆகவே பரிந்துரைக்கிறேன்'. அப்புறம் கையொப்பம், எழுதியவரின் பதவி, தொலைபேசி இலக்கம்.

கடிதத்தோடு போகிற விண்ணப்பமும் பிராகிருத வழி வந்த சொல்தான். அதை மாற்றச் சொல்லி நான் சண்டைக்கு நிற்க மாட்டேன்.

கிராம சேவகர் தந்து பிரதேச செயலாளர் மேலொப்பமிடும் நற்சான்றிதழ் வேறு. அது வதிவிடத்தையும் நடத்தையையும் சொல்லும், வேலைத்திறனைச் சொல்லாது. கேட்டால் இரண்டையும் இணைத்து அனுப்புங்கள். உறவினரிடம் மட்டும் கடிதம் வாங்க வேண்டாம், மாமா பாடசாலை அதிபராகவே இருந்தாலும்.