பல்லி எச்சத்தின் வெள்ளை நுனி

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "தரம் 7இல் படிக்கும் மகன் வளவுக்குள் ஒரு ஓணானைப் பிடித்து, மீன் வளர்த்த பழைய கண்ணாடித் தொட்டிக்குள் விட்டிருக்கிறான். சிரட்டையில் தண்ணீர் வைத்தோம், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதன் எச்சத்தில் வெள்ளையாக இருக்கும் பகுதி இப்போது மஞ்சளாகி, கல்லாட்டம் இறுகிப் போயிருக்கிறது. 'மறுகா ஏன் அது தண்ணி குடிக்குதில்ல?' என்று மகன் என்னைப் போட்டு அரிக்கிறான். என்ன செய்யலாம்?"

பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டுவிடச் சொல்லுங்கள். நம் நாட்டு ஊர்வனவற்றில் பெரும்பாலானவை வனசீவராசிகள் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை, பிடித்து வளர்ப்பது வீண் வில்லங்கம். சட்டத்தை ஒரு பக்கம் வைத்தாலும், கச்சான் என்ற வரண்ட காற்று வீசும் நாளில் இலை தழை இல்லாத கண்ணாடித் தொட்டி ஓணானுக்கு அடுப்படிதான். மகன் கோபித்துக்கொள்வான், பரவாயில்லை. ஆனால் எச்சத்தின் நிறம் மாறியதைக் கவனித்தது அவன் என்றால் அவனைப் பாராட்டியே ஆகவேண்டும். ஊர்வனவற்றைப் பார்க்கும் மிருக வைத்தியரும் முதலில் பார்க்கும் விஷயங்களில் அதுவும் ஒன்று.

சிரட்டைத் தண்ணீரை ஏன் தொடவில்லை என்பதற்குப் பதில் சுருக்கமானது. மரத்திலும் வேலியிலும் வாழும் பல்லியினங்கள் பல, அசையாமல் கிடக்கும் தண்ணீரைக் கண்டுகொள்வதே இல்லை. மினுங்கும் துளி, வழியும் துளி, இவைதான் அவற்றுக்குத் தண்ணீர். மாரி மழை விட்ட காலையில் செவ்வரத்தைப் பற்றைக்குப் பக்கத்தில் சத்தம் போடாமல் நின்று பாருங்கள். ஓணான் தலையைச் சரித்து, தடித்த நாக்கை நீட்டி, இலை விளிம்பில் தொங்கும் துளியை நக்கும். தொண்டை ஏறி இறங்கும். அப்புறம் அடுத்த துளிக்கு நகரும். மழை இல்லாத காலத்தில் பனித்துளி இருக்கிறது, அதைவிட முக்கியமாகச் சாப்பாடு இருக்கிறது. ஒரு வெட்டுக்கிளியின் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான். அதற்கு மேல், உடம்புக்குள் கொழுப்பு எரியும்போதும் தண்ணீர் பிறக்கிறது. ஒரு கிராம் கொழுப்புக்கு ஏறக்குறைய ஒரு கிராம்.

வரவு இவ்வளவுதான். செலவு? தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்கே இறங்கும்போது சூடேறி, வரண்டு நம்மிடம் வருகிறது. காயப்போட்ட சாரம் கொஞ்ச நேரத்தில் மொறுமொறுப்பாகிவிடும் அந்தக் கச்சான் காலத்தில், படுவான்கரை வயல்வெளியில் ஒரு ஓணான் நாள் முழுக்க வெயிலில் இருந்தும் வற்றிப்போகாமல் இருக்கிறது. செதில் காப்பாற்றுகிறது என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அது முழு உண்மை இல்லை. செதிலே இல்லாமல் பிறந்த ஒரு பாம்பை வைத்து லிக்ட், பென்னெட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1972இல் அளந்து பார்த்தார்கள். செதிலுள்ள பாம்பைவிட அது அதிகமாகத் தண்ணீரை இழக்கவில்லை. தண்ணீரைத் தடுத்து நிறுத்துவது தோலின் மேலடுக்கில் கெரட்டின் என்ற புரதத்தோடு சேர்ந்திருக்கும் மெல்லிய கொழுப்புப் படலம். செதில் முட்டுப்படாமல், உராயாமல் காக்கும் கவசம்.

சரி, தோலால் போவதைத் தடுத்தாயிற்று. கழிவோடு போவதை எப்படித் தடுப்பது? எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

புரதத்தைச் சாப்பிடும் எந்த விலங்குக்கும் நைதரசன் கழிவு சேரும். அதை அமோனியாவாக விட்டால் நஞ்சு. மீன்களுக்குக் கவலையில்லை, சுற்றிலும் தண்ணீர், கரைத்து விட்டுவிடலாம். நாம் அதை யூரியாவாக மாற்றுகிறோம். யூரியா நஞ்சு குறைந்தது, நன்றாகக் கரையும். அறை வெப்பநிலையில் ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு கிலோவுக்கு மேல் கரையும். நன்றாகக் கரைவதுதான் அதன் தொல்லையும். கரைந்திருக்கும் எந்தப் பொருளும் தண்ணீரைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்ளும். மாங்காயில் உப்பைத் தூவினால் தண்ணீர் வெளியே வருகிறதே, அதே இழுவைதான். யூரியாவை வெளியேற்ற வேண்டுமென்றால் அது பிடித்து வைத்திருக்கும் தண்ணீரையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். நம் சிறுநீரகக் குழாய்களில் உள்ளே நீண்டு மடங்கித் திரும்பும் ஒரு பகுதி இருப்பதால், இரத்தத்தைப் போல நான்கு மடங்கு செறிவான சிறுநீரை நம்மால் உண்டாக்க முடிகிறது. ஓணானுக்கு அந்த மடிப்பு கிடையாது. அதன் சிறுநீரகம் எவ்வளவு முயன்றாலும் இரத்தத்தைவிடச் செறிவான சிறுநீரைத் தர முடியாது. யூரியாவை நம்பியிருந்தால் கச்சான் தொடங்கிய கிழமையே அதன் கதை முடிந்திருக்கும்.

எனவே அது கரையாத பொருளைக் கையில் எடுக்கிறது: யூரிக் அமிலம். ஒரு மூலக்கூறில் நான்கு நைதரசன் அணுக்கள், யூரியாவைப் போல இரண்டு மடங்கு. கரைதிறனோ மிகச் சொற்பம். 20 பாகை செல்சியசில் ஒரு லீற்றர் தண்ணீரில் சுமார் 60 மில்லிகிராம் மட்டும். ஒரு கிராம் யூரிக் அமிலத்தைக் கரைத்து வெளியேற்ற நினைத்தால் 16 லீற்றருக்கு மேல் தண்ணீர் வேண்டும். ஓணான் அந்த முட்டாள்தனத்தைச் செய்வதில்லை. கரைக்காமலே வெளியேற்றுகிறது.

ஈரல் யூரிக் அமிலத்தைச் செய்து இரத்தத்தில் விடுகிறது. சிறுநீரகக் குழாயின் சுவர்க் கலங்கள் அதை இரத்தத்திலிருந்து பிடித்துக் குழாய்க்குள் தள்ளுகின்றன. அங்கே அது கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய உருண்டைகளாகத் திரள்கிறது. புரதமும் சளியும் கூடவே இருப்பதால் உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் குழாயை அடைப்பதில்லை, பால் போன்ற கலங்கலாக வழுக்கிக்கொண்டு இறங்குகின்றன. இந்த நிலையில் இது தண்ணீர் நிறைந்த சிறுநீர்தான். அதை வெளியே விட்டால் நட்டம். ஆனால் குடலும் சிறுநீர்க் குழாயும் ஒரே வாசலில் வந்து சேரும் உடம்பு அது. வாசலுக்கு வந்த சிறுநீர் கடைக்குடலுக்குள் திரும்பி ஏறுகிறது. அங்குள்ள சுவர் சோடியத்தை உறிஞ்சுகிறது, சோடியத்துக்குப் பின்னால் தண்ணீர் போகிறது. தண்ணீர் குறையக் குறைய யூரிக் அமிலம் மேலும் படிகிறது. படிந்துவிட்ட பொருளுக்குத் தண்ணீரை இழுக்கும் வலு இல்லை, ஆகவே இன்னும் கொஞ்சம் தண்ணீரை மீட்கலாம். அது இன்னும் கொஞ்சம் படியும். கடைசியில் மிஞ்சுவது வெள்ளைப் பசை. அந்தப் படிவுக்குள் சோடியமும் பொட்டாசியமும் கொஞ்சம் சிக்கிக்கொண்டு வெளியேறுவது கூடுதல் இலாபம், தண்ணீர் செலவில்லாமல் உப்பும் போகிறது.

சுவரில் பல்லி விட்டுப் போகும் எச்சத்தை ஓர் ஈர்க்குக் குச்சியால் புரட்டிப் பாருங்கள். கரிய பகுதி மலம், அதில் பூச்சியின் இறகுத் துண்டுகூடத் தெரியும். நுனியில் ஒட்டியிருக்கும் வெள்ளைப் பொட்டு மூத்திரம். அந்த வெள்ளையைக் கிள்ளிக் கண்ணாடிக் கிளாஸ் தண்ணீரில் போட்டால் கலங்கும், பிறகு அடியில் போய்ப் படுக்கும், கரையாது. காகத்தின் எச்சம் வெள்ளையாக இருப்பதும் இதே வேலைதான். (செய்து பார்த்தபின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். பல்லியின் குடலில் சல்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும்.)

இராமர் தாகத்தில் தண்ணீர் கேட்டபோது அணில் இளநீர் கொடுத்ததாம், ஓணான் மூத்திரத்தைக் கொடுத்ததாம். நம் கிராமங்களில் பிள்ளைகள் ஓணானுக்குக் கல்லெறிய இந்த வாய்மொழிக் கதை போதுமான காரணமாக இருந்தது. கதை கட்டியவர் ஓணானின் எச்சத்தை உற்றுப் பார்த்ததில்லை. ஒரு கோப்பை நிறைக்கும் மூத்திரத்துக்கு அந்தப் பிராணி எங்கே போகும்? பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலனுக்கு ஒரு பக்கமே ஒதுக்குகிறார்கள். பல்லி விழுந்த சோறு விஷம் என்று பயப்படுகிறவர்களும் உண்டு. பல்லிக்கு விஷம் கிடையாது. ஆனாலும் அந்தச் சோற்றைக் கொட்டுவதில் தப்பில்லை, காரணம் மேலே சொன்ன கிருமி.

இந்த வெள்ளைப் பசை இன்னும் ஆராய்ச்சிக்குரிய பொருள்தான். 2025இல் அமெரிக்காவின் ஜோர்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வேதியியல் குழுவொன்று, 20க்கும் மேற்பட்ட ஊர்வன இனங்களின் இந்தக் கழிவைச் சேர்த்து நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தது. உருண்டைகள் 1 முதல் 10 மைக்ரோமீற்றர் அளவு, ஒவ்வொன்றும் அதைவிட மிகச் சிறிய படிகங்களால் ஆனது. ஏன் இதில் பணம் போடுகிறார்கள்? நமக்கும் யூரிக் அமிலம் சுரக்கிறது. அதை உடைக்கும் நொதியம் மனிதனிடம் வேலை செய்வதில்லை, ஆகவே அளவு மிஞ்சினால் மூட்டுகளில் ஊசி ஊசியாகப் படிந்து கால் பெருவிரல் வீங்கி, இரவெல்லாம் வலிக்கும். கவுட் என்று டொக்டர் சொல்வது இதைத்தான். சிறுநீரகக் கல்லாகவும் அது மாறலாம். பல்லி மட்டும் இவ்வளவு யூரிக் அமிலத்தை அன்றாடம் கையாண்டும் நோகாமல் இருப்பது எப்படி என்று கேட்பது வீண் ஆராய்ச்சியா? இலங்கை தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆராய்ச்சிக்குச் செலவிடுவது அண்மைய ஆண்டுகளில் 0.2 சதவீதத்தைக்கூடத் தொட்டதில்லை. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, சுற்றிவர ஓணானும் பல்லியும் உடும்பும் தாராளமாக இருக்கின்றன, கச்சான் வருடம் தவறாமல் வீசுகிறது. இதைவிட நல்ல ஆய்வுகூடம் எங்கே கிடைக்கும்? 'பல்லிப் பீயில் ஆராய்ச்சியா' என்று சிரிக்கிறவர்கள்தான் பணம் ஒதுக்கும் மேசையிலும் இருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

இந்தத் தந்திரத்துக்கும் ஓர் எல்லை உண்டு. குடிக்கவும் கிடைக்காமல், சாப்பாடும் சரியாக இல்லாமல் போனால் வெள்ளைப் பசை மஞ்சளாகும், பிறகு மணல் போலவும் கல் போலவும் இறுகும். இரத்தத்தில் யூரிக் அமிலம் ஏறி, ஓணானுக்கும் கவுட் வரும். மூட்டில் மட்டுமல்ல, சிறுநீரகத்திலும் இதயத்தைச் சுற்றியும்கூடப் படியும். ஒரு தடவை மஞ்சளாக இருந்தால் பதற வேண்டியதில்லை, தின்ற தீனியாலும் நிறம் மாறலாம். தொடர்ந்து மஞ்சள், கூடவே இறுக்கம், கண் குழி விழுதல், விலாப்பக்கத் தோலை மெல்லக் கிள்ளி விட்டால் மடிப்பு அப்படியே நிற்பது, எல்லாம் சேர்ந்தால் தண்ணீர்த் தட்டுப்பாடு என்று கொள்ளலாம்.

களுவாஞ்சிக்குடி ஓணான் இந்நேரம் வேலிக்குப் போயிருக்கும் என்று நம்புகிறேன். ஆனால் கனடாவிலும் ஜேர்மனியிலும் இருக்கும் நம் சொந்தக்காரப் பிள்ளைகள் கடையில் வாங்கிய சிறுத்தைப் பல்லியையோ அவுஸ்திரேலியத் தாடி ஓணானையோ வளர்க்கிறார்கள். அவர்களுக்கும் இது பொருந்தும். தாடி ஓணான் நம் ஓணானின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான், கிண்ணத்தைப் பெரும்பாலும் அதுவும் மதிக்காது. காலையில் இலையிலும் கல்லிலும் துளி நிற்கும்படி தண்ணீர் தெளித்தால் நக்கும். மத்தியானத்துக்குள் காய்ந்துவிட வேண்டும், எந்நேரமும் ஈரமாக இருக்கும் தொட்டியில் சுவாச நோய் வரும். சிறுத்தைப் பல்லி ஆழமில்லாத கிண்ணத்தில் தானாகவே குடிக்கும், தோலுரிக்க ஈரமான ஒரு மறைவிடமும் கேட்கும். இரண்டுக்கும் கொடுக்கும் பூச்சிகளை முதல் நாளே இலை, கரட் என்று ஊட்டி வைத்தால் பூச்சியோடு தண்ணீரும் சேர்ந்து போகும்.

வெளிநாட்டில் இவற்றை வளர்ப்பவர்களிடையே ஒரு நம்பிக்கை இருக்கிறது: தாடி ஓணானை வெதுவெதுப்பான தண்ணீரில் உட்காரவைத்தால் தோலால் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளுமாம். தண்ணீரை வெளியே விடாத அதே கொழுப்புப் படலம் உள்ளேயும் விடாது. தண்ணீரில் இருக்கும்போது அது குனிந்து வாயால் குடிக்கிறது, அவ்வளவுதான். பஞ்சாங்கம் நமக்கு மட்டும் சொந்தமில்லை போலிருக்கிறது.

குடிக்கவில்லையே என்று ஊசி போடும் சிரிஞ்சால் வாய்க்குள் தண்ணீரைப் பீச்ச வேண்டாம். மூச்சுக்குழாயின் வாசல் நாக்குக்குச் சற்றுப் பின்னால்தான் இருக்கிறது, தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போய்விடும். மூக்கு நுனியில் ஒரு துளியை வைத்துவிட்டுக் கையை எடுங்கள். அது நக்கினால் இன்னொரு துளி. நக்கவே இல்லையென்றால் மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள், போகும்போது எச்சத்தையும் ஒரு கடதாசியில் மடித்து எடுத்துப் போங்கள்.