இரண்டு ஆணியும் ஒரு நூலும்

ஆரையம்பதியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அவருக்கும் கணவருக்கும் மட்டக்களப்பு ரவுணில்தான் வேலை. பக்கத்துப் பக்கத்துக் கந்தோர். இருவருக்கும் நாலேகாலுக்கு வேலை முடியும். "அவர் நாலேமுக்காலுக்கு வீட்ட நிப்பார். நான் வந்துசேர ஆறு மணியாகுது. றோட்டு ஒண்டுதானே, ஏன் இப்படி?"

சகோதரி, கணவர் மோட்டார் சைக்கிளில் கல்லடிப் பாலம் ஏறினால் அடுத்து இறங்குவது வீட்டு வாசலில். நீங்கள் பஸ்ஸில் வருகிறீர்கள். வழியில் சந்தையில் மரக்கறி, பாமசியில் அம்மாவுக்குப் பிரஷர் குளிசை, ஊருக்குள் வந்தபின் ரியூசன் விட்டு நிற்கும் மகன், அதற்குப் பிறகுதான் வீடு. இப்படிப் பல நிறுத்தங்களைக் கோத்துப் போவதைப் பயணச் சங்கிலி என்பார்கள். பெண்களின் பயணத்தில் இந்தச் சங்கிலி அதிகம் என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்டறியப்பட்ட விஷயம்.

இதை விளக்கும் கணக்கு ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. சுவீடன் நாட்டுப் புவியியலாளர் தோர்ஸ்டன் ஹேகர்ஸ்ட்ராண்ட் 1970 இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வளர்ந்தது அது. மனிதர் ஒரே நேரத்தில் ஓரிடத்தில்தான் இருக்கமுடியும். ஆகவே ஒருவர் எங்கே போகலாம் என்பதைத் தூரம் மட்டும் தீர்மானிப்பதில்லை. எப்போது, யாருக்காக, எங்கே நின்றாகவேண்டும் என்பதும் தீர்மானிக்கிறது.

பலகையில் இரண்டு ஆணி அடியுங்கள். ஒன்று கந்தோர், மற்றது வீடு. ஆணிகளில் ஒரு நூலின் இரு முனைகளையும் கட்டி, நூலைப் பென்சிலால் இறுக்கிப் பிடித்துச் சுற்றி வாருங்கள். நீள்வட்டம் வரும். பள்ளிக்கூடத்தில் கீறியதுதான். நூலின் நீளம், கையிலுள்ள நேரத்தையும் வேகத்தையும் பெருக்கி வருவது. கந்தோரால் வெளிக்கிட்டு, எங்கேயாவது போய்விட்டு, குறித்த நேரத்துக்குள் வீடு வரக்கூடிய இடங்கள் எல்லாம் அந்த வட்டத்துக்குள்.

இனி எண்களைப் போடுவோம். இரண்டு ஆணிக்கும் இடையில் 10 கிலோமீற்றர், கையில் ஒரு மணித்தியாலம் என்று வைப்போம். மோட்டார் சைக்கிள் மணிக்கு 30 கிலோமீற்றர் போனால் நூலின் நீளம் 30; நீள்வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 670 சதுர கிலோமீற்றர். பஸ்ஸுக்கு, காத்திருப்பையும் சேர்த்து, மணிக்கு 15 என்று எடுத்தால் பரப்பு 130 அளவில்தான். வேகம் பாதியாகிறது, எட்டும் உலகமோ ஐந்தில் ஒன்றாகிவிடுகிறது.

இப்போது அந்த ஒரு மணித்தியாலத்தில் 20 நிமிடத்தைச் சந்தைக்கும் பாமசிக்கும் ரியூசன் வாசலுக்கும் கொடுங்கள். மோட்டார் சைக்கிள்காரருக்கு நூல் 20 கிலோமீற்றராகும். அப்போதும் 270 சதுர கிலோமீற்றர் மிச்சமிருக்கும். பஸ்ஸில் வருபவருக்கு? 40 நிமிடத்தில் 10 கிலோமீற்றர். நூலின் நீளமும் ஆணிகளின் தூரமும் ஒன்றாகிவிட்டன. நூல் விறைத்துவிட்டது, வட்டமே இல்லை, வெறும் கோடு. அந்தக் கோட்டை விட்டு ஓரடிகூட விலக அவருக்கு இடமில்லை. இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்: வெறும் இருபது நிமிடம் ஒரு பரப்பையே கோடாக மடித்துவிடுகிறது.

எங்கள் மண்ணில் இந்த வட்டம் முழுதாகவும் கிடைக்காது. கிழக்கே கடல், மேற்கே வாவி. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் இருப்பவர் மேற்கே படுவான்கரைக்குப் போகப் பாலம் வேண்டும், இல்லையேல் பாதை வேண்டும். (மிதவையில் ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக் கடத்துவதற்கு எங்கள் பக்கத்துப் பெயர் பாதை.) சில வருடங்களுக்கு முன் குருமண்வெளித் துறையில் பாதைக்காக நின்றபோது எனக்கு முன்னால் ஒரு பெண் ஸ்கூட்டியோடு நின்றார். கொக்கியில் மரக்கறிப் பை, கால்வைக்கும் தட்டில் பிள்ளையின் புத்தகப் பை, கையில் கிளினிக் கொப்பி. பாதை அக்கரையிலிருந்து அசையும் வரை கைக்கடிகாரத்தையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தார். வாவிக்கு மேலாக மண்முனைப் பாலம் 2014 இல் திறந்தபோது படுவான்கரையில் கொக்கட்டிச்சோலைப் பக்கத்தாருக்கு நூல் எவ்வளவு நீண்டிருக்கும்!

நூலை அறுக்கும் வேறு கத்திகளும் உண்டு. ஐ.நா. சனத்தொகை நிதியம் 2015 இல் இலங்கையில் நடத்திய ஆய்வில், 100 பெண்களில் 90 பேர் பஸ்ஸிலோ ரயிலிலோ பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அதனால் நெரிசலான பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததற்கு நிற்பது, இருட்டுமுன் வீடு சேரப் பார்ப்பது. கார்த்திகை மாதம் ஆறு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். இதற்குமேல் ராகுகாலம் என்று நாளுக்கு ஒன்றரை மணித்தியாலத்தைக் கழிப்பதும், குடும்பத்தைத் தனியாகச் சுமக்கும் விதவை எதிரே வந்தால் சகுனம் பிழை என்று அவரை வீட்டுக்குள் தள்ளுவதும் எந்த விதத்திலும் நியாயமில்லாதவை.

வட்டம் சுருங்கினால் சம்பளமும் சுருங்கும். பிரான்ஸில் வேலை தேடுவோரின் பதிவுகளை ஆராய்ந்தபோது, பயணத்தைக் குறைப்பதற்குப் பெண்கள் கொடுக்கும் மதிப்பு ஆண்களைவிட ஏறத்தாழ 20 வீதம் அதிகமாக இருந்தது. கல்வி, அனுபவம் போன்றவற்றைக் கழித்தபின் மிஞ்சும் சம்பள வித்தியாசத்தில் சுமார் 14 வீதம் இதனால் வருவது.

ஸ்பெயினின் இனெஸ் சாஞ்சேஸ் தெ மதரியாகா இந்த ஓட்டங்களுக்குப் பராமரிப்புப் பயணம் என்று பெயர் வைத்தார். கணக்கெடுப்புகள் அவற்றைக் கடைக்குப் போனது, பிள்ளையைக் கூட்டிப்போனது என்று துண்டு துண்டாகச் சிதறடிக்கின்றன. ஒரு கிலோமீற்றருக்குக் குறைந்த நடையைப் பல வேளை எழுதுவதேயில்லை என்று அவர் காட்டினார். றோட்டுக்குக் காப்பெட் போடும் காசில் ஒரு துளியை ஒதுக்கி, வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்களிடம் கொப்பியும் பஸ் காசும் கொடுத்தால், யார் எங்கே நின்று போகிறார் என்று எழுதிவந்துவிடுவார்கள். இதற்குச் செலவழிக்க யோசிப்பது எனக்கு விளங்கவேயில்லை.

எங்கள் வழக்கத்தையும் அந்தக் கொப்பியில் எழுதவேண்டும். தமிழரிலும் முஸ்லிம்களிலும் பெண்ணுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை பெண் வீட்டோடு வரும் ஊர் இது. வீடு என்ற ஆணி வேலை கிடைக்குமுன்பே அடிக்கப்பட்டுவிடுகிறது. வேலைதான் அதைச் சுற்றி அமையவேண்டும். ஆனால் அதே வளவில், இல்லையென்றால் அடுத்த வளவில், அம்மா இருப்பா. மழை கொட்டி உங்கள் பஸ் பிந்துகிற நாளில், ரியூசன் வாசலுக்குக் குடையோடு போய்ப் பேரனைக் கூட்டிவருவது அவதானே? போகவர அரைக் கிலோமீற்றர் இருக்கும். கணக்கெடுப்பவர் வந்து கேட்டால், "இண்டைக்கு நான் எங்கயும் போகல்ல" என்றுதான் சொல்லுவா.