எழுத்தில் வருவது உரையா?

"இந்த வரிசையின் பழைய ஆட்டங்களில் உரை உரையாடல் மட்டுமே உண்டு." வீடியோ கேம்களைப் பற்றிய தமிழ்க் காணொளிகளில் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பாத்திரங்கள் வாய்விட்டுப் பேசாமல், பேச்சு திரையின் அடியில் எழுத்தாக மட்டும் வருவதைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். சொல்லோ நேர் எதிரான பொருளைத் தருகிறது.

உரைத்தல் என்றால் சொல்லுதல். 'உரைப்பார் உரைப்பவை எல்லாம்' என்ற குறளில் வருவது வாய்ச்சொல். உரையாடலும் அதில் பிறந்ததே. அப்படியானால் 'உரை உரையாடல்' என்பது பேச்சுப் பேச்சு.

பரிமேலழகர் உரை ஏட்டில்தானே இருக்கிறது என்று மடக்குவார்கள். இருக்கிறது, ஆனால் ஏட்டில் ஏறியதால் அது உரை ஆகவில்லை, பொருளை விளக்கிச் சொல்வதால் உரை ஆயிற்று. மதுரைக்காரர்களாவது இதை மறக்கலாமா? நக்கீரர் தம் மகன் கீரங்கொற்றனாருக்கு உரைத்தார், அவர் தேனூர்கிழாருக்கு உரைத்தார் என்று, இறையனார் களவியல் என்ற அகப்பொருள் இலக்கணத்துக்கு எழுந்த உரை தன் வரலாற்றை அடுக்கிக்கொண்டே போகும். வாயிலிருந்து செவிக்கு வந்ததைத்தான் நம் சங்க மரபு உரை என்றது. கணினி மெனுவில் 'டெக்ஸ்ட்' என்பதற்கு யாரோ 'உரை' என்று வைத்தார்கள். மொழிபெயர்ப்பாளர்கள் இடம் பொருள் பாராமல் அதையே எங்கும் ஒட்டுகிறார்கள். ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல் என்ற சோம்பல் மொழியைக் கெடுக்கும்.

எழுத்து வசனம், குரல் வசனம். இவை போதும். வசனம் வடசொல்தான். ஆனால் 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் பால சபை என்ற சிறுவர் நாடகக் குழுவைத் தொடங்கிய ஊர் இந்த மதுரை. நாடகத்தோடு வளர்ந்த அந்தச் சொல் எந்தத் தெருவிலும் புரியும். இங்கே கேம் கடைகளில் வாடகைக்கு விளையாட வரும் பையன்களே 'படிக்கிற வசனம்' என்று தெளிவாகச் சொல்கிறார்கள். வடசொல் வேண்டாதவர்கள் 'எழுத்துரையாடல்' என்று எழுதட்டும்.

பொருத்திப் பாருங்கள். 1987இல் தொடங்கிய 'ஃபைனல் ஃபேன்டசி' வரிசையில் எழுத்து வசனமே நடந்துவந்தது; 2001இல் வந்த பத்தாம் ஆட்டத்தில் குரல் வசனம் புகுந்தது. அதிலும் நாயகனுக்கு ஆடுபவரே பெயர் வைக்கலாம் என்பதால், ஆட்டம் முழுவதும் யாரும் அவனைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. பெயர் திரையில் எழுத்தாக மட்டும் வரும். 'செல்டா' வரிசையின் 2017ஆம் ஆண்டு ஆட்டத்தில் முக்கியக் காட்சிகளுக்குக் குரல் வசனம், வழியில் சந்திப்பவர்களோடு எழுத்து வசனம். 'உரை' என்ற சொல்லை வைத்துக்கொண்டு இந்த வேறுபாட்டை எழுதிப் பாருங்கள், வாக்கியம் நொண்டும்.

குரல் கொடுப்போரின் கலையைப் 'பின்னணிக் குரல்' என்பதும் தவறு. திரையில் நடித்த இன்னொருவருக்குப் பின்னே நின்று பேசுவதற்கு அந்தப் பெயர். ஆட்டத்தில் முன்னே நிற்பது வரைந்த உருவம். நடிப்பு குரலில் இருக்கிறது. ஆகவே அது குரல் நடிப்பு. ஜப்பானிய ஆட்டத்தின் வாயசைவுக்கு ஏற்ப ஆங்கிலத்தில் பேசிச் சேர்த்தால் மொழிமாற்றுக் குரல்.