கலிபோர்னியாவில் நாலு வயதுக்கு இலவசப் பள்ளி: பள்ளி அலுவலக ஜன்னலில் சொல்வதை நம்பித் திரும்பி வராதீர்கள்

சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள பே ஏரியாவில் நாலு வயதுப் பிள்ளைக்கு மாதம் 2,000 டாலருக்கு மேல் டேகேர் கட்டும் தமிழ் வீடுகள் நிறைய. அதே ஊரின் பொதுப்பள்ளிகளை நடத்தும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டில் அந்தப் பிள்ளைக்கு இலவச இடம் இருப்பது சிலருக்குத் தெரியாது. தெரிந்து கேட்கப் போனவர்களையும் ஏதாவது ஒரு காகிதம் இல்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

இதன் பெயர் ட்ரான்ஸிஷனல் கிண்டர்கார்டன், சுருக்கமாக டி.கே. நம்மூர்க் கணக்கில் எல்.கே.ஜி. என்று வைத்துக்கொள்ளலாம். 2012-ல் ஒரு சில பிள்ளைகளுக்கு மட்டும் தொடங்கி, 2021-ல் வந்த சட்டத்தால் படிப்படியாக விரிந்து, 2025-26 கல்வியாண்டிலிருந்து செப்டம்பர் 1-க்குள் நாலு வயது முடியும் எல்லாருக்கும் உரியது ஆகிவிட்டது. வருமான வரம்பு கிடையாது. பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர் வகுப்பில் இருக்க வேண்டும். வரலாறு இவ்வளவு போதும்.

2026-27-க்கு, 2021 செப்டம்பர் 2 முதல் 2022 செப்டம்பர் 1 வரை பிறந்தவர்கள் வரலாம். ஒரு நாள் தள்ளிப் பிறந்திருந்தாலும் அடுத்த ஆண்டுதான். முன்கூட்டிச் சேர்த்துக்கொள்வார்கள் என்று நம்பி டேகேர் இடத்தை விட்டுவிடாதீர்கள்.

வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்குத் தரும் ஹெச்4 விசாவில் இருந்தால் கிடைக்காது என்று வாட்ஸ்ஆப் குழுக்களில் சுற்றுவது பொய். டி.கே. என்பது இரண்டு வருடக் கிண்டர்கார்டனின் முதல் வருடம், அதாவது பொதுப்பள்ளி. குடியேற்ற நிலையைக் காட்டிப் பிள்ளைக்குப் பொதுப்பள்ளியை மறுக்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1982-லேயே சொல்லிவிட்டது. சேர்க்கைக்காக யாராவது விசா நகலோ சோஷியல் செக்யூரிட்டி எண்ணோ கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. படிவத்தில் கட்டம் இருந்தால் காலியாக விடுங்கள்.

முகவரிச் சான்றில்தான் புதிதாக வந்தவர்கள் மாட்டுகிறார்கள். வாடகை ஒப்பந்தம் நண்பர் பெயரில் இருக்கும், கரண்ட் பில்லும் அவர் பெயரில்தான். "உங்க பேர்ல பில் வந்ததும் வாங்க" என்று ஜன்னலில் சொல்வார்கள். மாநிலச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. சம்பளச் சீட்டு, அரசு அலுவலகத்திலிருந்து வந்த கடிதம், இந்த முகவரியில்தான் இருக்கிறோம் என்று பெற்றோரே எழுதிக் கையெழுத்திடும் உறுதிமொழி, இவையும் செல்லும். உறுதிமொழிப் படிவம் பெரும்பாலும் அவர்களிடமே இருக்கும், நாம் கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள்.

அடுத்தது தடுப்பூசி. இந்தியாவில் எல்லா ஊசியும் போட்டாயிற்று என்று அட்டையோடு போகிறவர்கள் இங்கே திகைத்துப் போகிறார்கள். நம்மூரில் ஒன்பதாம் மாதம் போடும் தட்டம்மை ஊசி இங்கே கணக்கில் வராது. முதல் பிறந்தநாளுக்குப் பிறகு போட்ட இரண்டுதான் செல்லும். அரசு மையத்தில் போட்டது தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்குமான எம்.ஆர்., இவர்கள் கேட்பது புட்டாலம்மையும் சேர்ந்த எம்.எம்.ஆர். சின்னம்மை ஊசி நம் அரசு அட்டவணையிலேயே இல்லை, இங்கே இரண்டு வேண்டும், நடுவே மூன்று மாத இடைவெளியோடு. 2016 ஏப்ரல் 1 முதல் கொடுத்த போலியோ சொட்டு மருந்தையும் எண்ண மாட்டார்கள், போலியோ ஊசியை எண்ணுவார்கள். ஆகஸ்டில் ஓடினால் முடியாது, வசந்த காலத்திலேயே குழந்தை மருத்துவரிடம் அட்டையைக் காட்டுங்கள். இன்னும் ஒன்று: அடுத்த ஊசிக்கு நாள் வரவில்லை என்றால் நிபந்தனையோடு சேர்த்துக்கொள்ள விதி இருக்கிறது. "எல்லாம் போட்டுட்டு வாங்க" என்பது முழு உண்மையல்ல.

டயபர் விடாத பிள்ளையைச் சேர்க்க மாட்டோம் என்றும் சொல்லிப் பார்ப்பார்கள். கழிப்பறைப் பழக்கம் சேர்க்கைக்கு நிபந்தனை கிடையாது.

இனி பெரிய பள்ளம். சட்டப்படி டி.கே. ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் நடந்தாலே போதும். எட்டரைக்கு விட்டால் பதினொன்றரைக்கு வாசலில் நிற்க வேண்டிய பள்ளிகள் உண்டு. இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில் இந்த இலவசத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இதற்காகவே எக்ஸ்பாண்டட் லேர்னிங் என்று மாநிலம் தனியாகப் பணம் தருகிறது. பள்ளி நேரத்தையும் சேர்த்து நாளுக்கு ஒன்பது மணி நேரம், விடுமுறையிலும் 30 நாள். ஆனால் டிஸ்ட்ரிக்டில் குறைந்த வருமான, ஆங்கிலம் கற்கும், வளர்ப்புக் குடும்பப் பிள்ளைகள் 55 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால்தான் கேட்கிற எல்லாருக்கும் கொடுத்தாக வேண்டும். வசதியான ஊர்களில் அந்தக் கட்டாயம் இல்லை, அங்கே கட்டணம் கேட்கலாம், காத்திருப்புப் பட்டியலும் நீளும். ஆகவே சேர்க்கைப் படிவம் கொடுக்கும் அன்றே இரண்டைக் கேளுங்கள்: எத்தனை மணிக்கு விடுவீர்கள், அதற்குப் பிறகான இடத்துக்கு எங்கே பதிய வேண்டும். இரண்டும் ஒரே படிவம் என்று நினைத்து மாலை நேர இடத்தை இழந்தவர்கள் ஏராளம்.

இதோடு ஒட்டியது வருமானப் படிவம். கலிபோர்னியாவில் 2022-லிருந்து எல்லாப் பிள்ளைக்கும் சாப்பாடு இலவசம் என்பதால் அந்தப் படிவத்தை யாரும் நிரப்புவதில்லை. ஆனால் இலவச, சலுகை விலை உணவுக்கு உங்கள் வருமானம் தகுதிப்படுகிறதா என்பதை வைத்துத்தான் மாலை நேரக் கட்டணம் விலக்கப்படுகிறது. தகுதியுள்ள பிள்ளையிடம் கட்டணம் வாங்கக்கூடாது. படிவம் இல்லையென்றால் நீங்கள் வசதியானவர் கணக்கில் போய்விடுவீர்கள்.

பக்கத்துப் பள்ளியில்தான் இடம் கிடைக்கும் என்றும் இல்லை. டிஸ்ட்ரிக்டுக்குள் எங்காவது கொடுத்தால் அவர்கள் கடமை முடிந்தது, பஸ்ஸும் வராமல் போகலாம். ஜனவரி, பிப்ரவரியிலேயே பல இடங்களில் பதிவு தொடங்கிவிடுகிறது, முந்துகிறவர்களுக்குத்தான் வீட்டருகே இடம்.

பேச்சு தாமதமான பிள்ளைக்கு, "வீட்டுல தமிழ் பேசறீங்க, அதனாலதான், கொஞ்சம் பொறுங்க" என்று சொன்னால் பொறுக்காதீர்கள். சிறப்பு உதவி தேவையா என்று மூன்று வயதிலிருந்தே சோதித்துப் பார்க்க வேண்டியது டிஸ்ட்ரிக்டின் கடமை. வாயால் கேட்டால் காற்றோடு போகும். எழுதிக் கொடுத்தால் 15 நாளுக்குள் சோதனைத் திட்டத்தைத் தர வேண்டும், நீங்கள் கையெழுத்திட்ட பிறகு 60 நாளுக்குள் சோதனை முடிவைப் பேசும் கூட்டத்தை நடத்த வேண்டும்.

எல்லா மறுப்புக்கும் ஒரே மருந்துதான்: "எந்த விதிப்படி என்று மின்னஞ்சலில் எழுதித் தாருங்கள்." இதைக் கேட்டதும் பாதி விதிகள் காணாமல் போவதைப் பார்த்திருக்கிறேன். ஆங்கிலம் சிரமம் என்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், அதற்குப் பணம் கிடையாது. வாங்கக்கூடாத கட்டணத்தை வாங்கினால் யூனிஃபார்ம் கம்ப்ளெய்ன்ட் என்ற புகார்ப் படிவம் ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டிலும் இருக்கிறது. பெயர் போடாமலும் கொடுக்கலாம், 60 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். நகல் ஒன்றைத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள்.