நோட்டு நிறைய வார்த்தை, வாய்க்கு வருவது ரெண்டே வார்த்தை

மதுரையில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தருவது என் வேலை. வகுப்புக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி என்று சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வேலை முடிந்த கையோடு பஸ் பிடித்து வருகிறவர்கள். பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறவர்கள், வெளிநாடு போக நினைக்கும் நர்ஸுகள், இன்ஜினியரிங் முடித்துவிட்டு இன்டர்வியூவில் மட்டும் நின்றுபோகிறவர்கள், பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் மிஸ்ஸோடு தயங்காமல் பேச வேண்டும் என்பதற்காகவே வருகிற அம்மாக்கள். இவர்களில் சோம்பேறி என்று ஒருத்தரையும் சொல்ல முடியாது. பலபேர் கையில் ஒரு லாங் சைஸ் நோட்டு இருக்கும், இடது பக்கம் ஆங்கில வார்த்தை, வலது பக்கம் தமிழ் அர்த்தம், பக்கம் பக்கமாக அழகான கையெழுத்தில். அந்த நோட்டை வாங்கி மூடி வைத்துவிட்டு, அதில் இருக்கிற ஒரு அர்த்தத்தைத் தமிழில் சொல்லி ஆங்கிலத்தில் கேட்டால் திணறுவார்கள். "நேத்துக்கூட படிச்சேன் மேடம்" என்பார்கள். படித்திருப்பார்கள், அதில் சந்தேகமே இல்லை.

தனக்கு ஞாபகசக்தி குறைவு என்று அவர்களே ஒரு முடிவுக்கு வந்திருப்பார்கள். வல்லாரை சாப்பிட்டால் சரியாகுமா என்றுகூடக் கேட்கிறார்கள். யார் வீட்டுக் கல்யாணத்துக்கு எவ்வளவு மொய் செய்தோம், அவர்கள் திருப்பி எவ்வளவு செய்தார்கள் என்று மொய் நோட்டைப் பார்க்காமலே சொல்கிற ஆட்களுக்கு ஞாபகசக்தி குறைவு என்றால் நான் நம்ப மாட்டேன். கோளாறு படிக்கிற முறையில் இருக்கிறது. எழுதினதையே திரும்பத் திரும்ப வாசிக்கும்போது அது கண்ணுக்குப் பழகிவிடுகிறது, கண்ணுக்குப் பழகினதைத் தெரிந்ததாக மனசு எடுத்துக்கொள்கிறது. ஆனால் பேசும்போது எதிரில் எந்த வார்த்தையும் எழுதியிருக்காது. உள்ளேயிருந்து எடுத்தாக வேண்டும். அந்த எடுக்கிற வேலையைத்தான் அவர்கள் ஒருநாளும் செய்து பார்த்திருக்க மாட்டார்கள்.

இது நான் மட்டும் சொல்வதில்லை. 2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஒரு பத்தியைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். சிலர் அதையே மறுபடி வாசித்தார்கள், சிலர் தாளை மூடிவிட்டு ஞாபகம் இருப்பதை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தபோது மறுபடி வாசித்தவர்கள்தான் அதிகம் எழுதினார்கள். இரண்டு நாள் கழித்தும் ஒரு வாரம் கழித்தும் சோதித்தபோது நிலைமை தலைகீழ், மூடிவிட்டு எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் நின்றிருந்தது. இரவு படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருந்துவிட்டு சில நாள் கழித்து இன்டர்வியூவில் காணாமல் போவது ஏன் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்பதை ஜெர்மனியைச் சேர்ந்த எபிங்ஹாஸ் தன்னையே சோதித்து 1885-லேயே புத்தகமாகப் போட்டுவிட்டார். முதல் நாளிலேயே பெரும்பகுதி போய்விடும், அப்புறம் போவது மெதுவாகும். அதனால் மறக்கப் போகிற நேரத்தில் ஒரு தடவை உள்ளேயிருந்து எடுத்துப் பார்ப்பதுதான் லாபம். ஒரே ராத்திரியில் நாற்பது வார்த்தையை உருப்போடுவதில் ஒன்றும் நிற்காது.

செய்முறை ரொம்பச் சாதாரணம். சின்னச் சின்ன அட்டையாக வெட்டிக்கொள்ளுங்கள், கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் போதும். முன்பக்கம் தமிழ், பின்பக்கம் ஆங்கிலம். தமிழைப் பார்த்து ஆங்கிலத்தைச் சத்தமாகச் சொன்ன பிறகுதான் திருப்பிப் பார்க்க வேண்டும். லைட்னர் என்ற ஜெர்மன் பத்திரிகையாளர் 1972-ல் இதற்கு ஒரு பெட்டி முறை சொன்னார். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், அந்தப் பெட்டியை இன்னும் சில நாள் கழித்துத்தான் திறப்பீர்கள். தப்பாகச் சொன்னது முதல் பெட்டிக்கே திரும்பி வரும். தெரிந்ததில் நேரம் வீணாகாது, தெரியாதது கண்முன்னாலேயே இருக்கும். பெட்டிக்கு நாலு சோப்பு டப்பா போதும். போனில்தான் வசதி என்றால் ஆன்கி என்ற ஆப் ஆண்ட்ராய்டில் இலவசமாகக் கிடைக்கிறது, எந்த அட்டையை என்றைக்குக் காட்ட வேண்டும் என்ற கணக்கை அதுவே பார்த்துக்கொள்ளும். ஆனால் அட்டைகளை நீங்களே எழுதுங்கள். யாரோ தயாரித்த ஐயாயிரம் வார்த்தைப் பொட்டலத்தை இறக்கி வைத்துக்கொண்டவர்கள் ஒரு வாரத்துக்கு மேல் அந்த ஆப்பைத் திறந்து நான் பார்த்ததில்லை.

அட்டையில் தனி வார்த்தை எழுத வேண்டாம், முழு வாக்கியமாக எழுதுங்கள், அதுவும் உங்கள் வாயிலிருந்து தினம் வருகிற வாக்கியமாக. "பஸ் ஒரு மணி நேரம் லேட்டாயிருச்சு" என்று ஒரு பக்கம், "தி பஸ் வாஸ் டிலேய்ட் பை அன் அவர்" என்று மறுபக்கம். மாட்டுத்தாவணியில் நின்றுகொண்டிருக்கும்போது அந்த வாக்கியத்துக்கு அன்றைக்கே வேலை வந்துவிடும். இன்னொரு காரணமும் இருக்கிறது. எந்த வார்த்தையோடு எந்த வார்த்தை சேரும் என்பது மொழிக்கு மொழி வேறு. நாம் தப்பு செய்கிறோம், அதனால் "டிட் எ மிஸ்டேக்" என்று வந்துவிடுகிறது, ஆங்கிலத்தில் "மேட் எ மிஸ்டேக்". இதற்கு விதி எதுவும் கிடையாது. ஜோடியாகவே மனசில் ஏற்றினால்தான் ஜோடியாகவே வெளியே வரும். ஒரு நாளைக்குப் புதிதாக ஐந்தாறு அட்டை போதும் என்பது என் கருத்து. பழைய அட்டைகளும் வரிசையில் நிற்கும் என்பதை மறந்துவிட்டுப் பலர் முதல் நாளே முப்பது எழுதிவிடுகிறார்கள்.

எந்த வார்த்தைகளை முதலில் எடுப்பது? வெள்ளைக்காரர் காலத்தில் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி நடத்திய மைக்கேல் வெஸ்ட் 1953-ல் ஏறக்குறைய 2000 அடிப்படைச் சொற்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். சாதாரண ஆங்கில எழுத்தில் பத்தில் எட்டு வார்த்தை இந்த 2000-க்குள் அடங்கிவிடும். மறுபக்கம், நாவலோ செய்தித்தாளோ அகராதி இல்லாமல் வாசிக்க 8000 முதல் 9000 சொற்குடும்பம் (ஒரு வார்த்தையும் அதிலிருந்து வரும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) வேண்டியிருக்கும் என்று நியூசிலாந்தின் பால் நேஷன் 2006-ல் கணக்குக் காட்டினார். அடுத்தடுத்த ஆயிரங்கள் முக்கியம்தான், ஆனால் முதல் இரண்டாயிரம் வாயில் புரளாதபோது தலையங்கத்தில் கோடு போட்டுக் கடினமான வார்த்தையாகப் பொறுக்கிச் சேர்ப்பது பேங்க் பரீட்சைக்குக்கூட உதவாது. ஐபிபிஎஸ் கிளர்க் முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 30 கேள்வி, 20 நிமிஷம். ஒரு கேள்விக்கு 40 வினாடி, தப்பாகப் போனால் கால் மார்க் கழியும். அந்த 40 வினாடிக்குள் விதியை யோசித்து விடை கண்டுபிடிக்க முடியாது. வாக்கியம் காதுக்கு உறுத்த வேண்டும். சரியான வாக்கியங்களை நிறையச் சொல்லிப் பழகினவருக்குத்தான் தப்பானது உறுத்தும்.

இலக்கணத்திலும் கதை இதேதான். "டிட் ஹி கேம்?" என்று கேட்டவரிடமே விதி என்ன என்று கேட்டுப் பாருங்கள், "டிட் வந்தா வெர்ப் ஃபர்ஸ்ட் ஃபார்ம்தான் மேடம்" என்று உடனே சொல்வார். விதி தெரிகிறது, வாய் கேட்கவில்லை. தமிழில் வினைச்சொல்லிலேயே காலம் ஏறிவிடும், கேள்வியாக்க கடைசியில் ஒரு ஆகாரம் சேர்த்தால் முடிந்தது, வந்தான், வந்தானா. முன்னால் ஒரு துணைவினையை வைத்து, காலத்தை அதில் ஏற்றி, முக்கிய வினையை வெறுமனே விடுகிற பழக்கம் நமக்குக் கிடையாது. அதனால் காலம் இரண்டு இடத்திலும் ஏறிக்கொள்கிறது. இதை ஒரு தடவை புரிந்துகொண்டால் வெட்கம் போய்விடும், ஆனால் தப்பு போகாது. தப்பு போக வேண்டும் என்றால் வாய் வேலை செய்ய வேண்டும். ஒரு வாரம் முழுக்க இந்த ஒரே விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வருகிறவர், பக்கத்து சீட்டுக்காரர், தம்பி, யாராக இருந்தாலும் மனசுக்குள்ளேயே அவர்களிடம் நேற்றைப் பற்றி ஆங்கிலத்தில் கேள்வி கேளுங்கள். சாப்பிட்டாயா, எங்கே போனாய், யாரைப் பார்த்தாய். "ஹி கோ", "ஷி சே" என்று எஸ்ஸை விட்டுவிடுகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். வருகிறான், வருகிறாள், வருகிறார்கள், வருகிறது என்று ஆளுக்கொரு விகுதி போட்டுப் பேசுகிற நமக்கு ஒரே ஒரு எஸ் பெரிய பாரம் இல்லை, நாக்கு அதற்கு இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான். "எ", "தி" எங்கே வரும் என்பதைப் பற்றி ஆரம்பத்தில் கவலைப்பட வேண்டாம். தமிழில் அதற்கு நேரான ஏற்பாடு இல்லை, நிறைய வாசித்த பிறகு மெதுவாகத்தான் வரும்.

பயிற்சிப் புத்தகங்களில் ஒரு ஏமாற்று இருக்கிறது. பக்கத்தின் தலையில் "பாஸ்ட் பெர்ஃபெக்ட்" என்று போட்டுவிட்டுக் கீழே இருபது கோடிட்ட இடம் கொடுத்திருப்பார்கள். இருபதுக்கும் விடை ஒரே அச்சில்தான் வரும், யோசிக்கவே வேண்டாம், இருபதுக்கு இருபது கிடைக்கும், மனசு குளிர்ந்துவிடும். பேச்சில் யாரும் தலைப்பு போட்டுவிட்டுக் கேள்வி கேட்பதில்லை. ஆகவே நாலைந்து பாடம் முடிந்ததும் வெவ்வேறு பக்கத்திலிருந்து இரண்டிரண்டு வாக்கியம் எடுத்துக் கலந்து ஒரு தாளில் எழுதி, இரண்டு நாள் கழித்து அதைச் செய்யுங்கள். மார்க் குறையும். குறைகிற இடம்தான் உண்மையில் உங்களுக்கு வராத இடம்.

இவ்வளவும் தனியாகச் செய்துவிடலாம். பேசுவதற்கு மட்டும் இன்னொரு ஆள் வேண்டும், அங்கேதான் நம் ஊரில் பலர் நொறுங்கிப்போகிறார்கள். யாராவது தட்டுத்தடுமாறி நாலு வாக்கியம் பேச ஆரம்பித்தால் "தொரை இங்கிலீஷ் பேசுறாருடோய்" என்று ஒரு குரல் வந்துவிடும். வீட்டிலும் வரும், கடையிலும் வரும், கூடப் படித்தவனிடமிருந்துதான் அதிகம் வரும். சொல்கிறவருக்கு அது விளையாட்டு. கேட்கிறவர் அதோடு வாயை மூடிக்கொண்டு மறுபடி நோட்டுக்குப் போய்விடுவார், ஏனென்றால் நோட்டு சிரிக்காது. வகுப்புக்கு வருகிற பெண்கள் பலர் வீட்டில் ஒரு ஆங்கில வாக்கியம்கூடச் சொன்னதில்லை என்கிறார்கள், பிள்ளைகளே சிரிக்கிறார்களாம். வீட்டில் இருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன், தயவுசெய்து சிரிக்காதீர்கள், நடுவில் புகுந்து திருத்தவும் வேண்டாம். அம்மா தப்பாகவே பேசட்டும். சொல்லி முடித்த பிறகு, அவர் கேட்டால், சரியான வாக்கியத்தைச் சொல்லுங்கள்.

நர்ஸுகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். வெளிநாட்டு வேலைக்காக மருத்துவத் துறையினர் எழுதும் ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வில் பேச்சுப் பகுதி என்பது நோயாளியோடு பேசுவது போன்ற இரண்டு நடிப்புகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஐந்து நிமிஷம். 500-க்கு 350 வந்தால் பி கிரேடு. அதற்கு மருத்துவ வார்த்தைகளாக மனப்பாடம் செய்கிறார்கள், அது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். வார்டில் ஒரு பாட்டியிடம் "என்னத்தா செய்யுது, ராத்திரி தூங்குனியா" என்று எத்தனை பக்குவமாகக் கேட்கிறார்களோ, அந்தப் பக்குவத்தை ஆங்கிலத்தில் கொண்டுவர வேண்டும். பயத்தைத் தணிப்பது, அனுமதி கேட்பது, புரிந்ததா என்று விசாரிப்பது, இதற்கான வாக்கியங்கள்தான் அட்டையில் ஏற வேண்டியவை. டூட்டி முடிந்து வரும் பஸ்ஸில், அன்றைக்குப் பார்த்த ஒரு நோயாளியிடம் சொன்னதையெல்லாம் ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள்.

அப்புறம் இந்த "முப்பது நாளில் சரளமான ஆங்கிலம்" விளம்பரங்கள். சுவரிலும் இருக்கிறது, போனைத் திறந்தாலும் வருகிறது. கேம்பிரிட்ஜ் இங்கிலீஷ் தரும் தோராயக் கணக்குப்படி, ஆரம்பத்திலிருந்து தொடங்கும் ஒருவர் அன்றாடத் தேவைக்கு எளிமையாகப் பேசுகிற ஏ2 நிலையைத் தொட வழிகாட்டலோடு படிக்கும் நேரம் 180 முதல் 200 மணி, பழகிய விஷயங்களைச் சமாளித்துப் பேசுகிற பி1-க்கு 350 முதல் 400, வேலையிடத்தில் தடையில்லாமல் பேசுகிற பி2-க்கு 500 முதல் 600. தினம் ஒரு மணி நேர வகுப்பு என்றால் முப்பது நாளில் முப்பது மணி நேரம். அதில் தைரியம் வரலாம், சில தப்புகள் போகலாம், சரளம் வராது. பணம் கட்டுவதற்கு முன்னால், ஒரு மணி நேரத்தில் நான் எத்தனை நிமிஷம் பேசுவேன் என்று கேளுங்கள். அறுபது பேர் உட்காரும் பேட்ச் என்றால் பதில் உங்களுக்கே தெரிந்துவிடும். நான் எழுதியதை யார் திருத்தித் தருவார், பாதியில் நின்றால் பணம் திரும்ப வருமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நகையை அடகு வைத்துக் கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கட்ட வசதியில்லாதவர்களுக்கு வழி அடைபட்டுவிடவில்லை. புதுநத்தம் சாலையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, எளிய ஆங்கிலத்தில் குழந்தைகள் புத்தகத்திலிருந்து போட்டித் தேர்வுப் புத்தகம் வரை கிடைக்கும். உங்களைப் போலவே பேச ஆசைப்படும் ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள், உங்களைவிட நன்றாகப் பேசுகிறவராக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. உள்ளே வாசிப்பு, வெளியே வந்து டீ குடிக்கும்போது பேச்சு. முதல் பத்து நிமிஷம் ஒருவர் வாசித்ததைச் சொல்லட்டும், மற்றவர் குறுக்கே திருத்தாமல் கேட்கட்டும், கேட்டதில் மூன்று தப்பை மட்டும் மனசில் குறித்து வைத்துக் கடைசியில் சொல்லட்டும். பிறகு ஆள் மாறிக்கொள்ளுங்கள். எது சரி என்று இருவருக்கும் தெரியவில்லையென்றால், கற்பவர்களுக்கென்றே எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு வரும் இலவச இணைய அகராதியில் பார்த்துக்கொள்ளலாம். அந்த மூன்று தப்பும் திருத்திய வாக்கியமாக அன்று ராத்திரியே அட்டையில் ஏறிவிட வேண்டும், முதல் பெட்டியில்.