கம்பேட்டிபிலிட்டி: பொருத்தமா, இணக்கமா?

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு சிறிய சங்கத்தில் வார இறுதிகளில் தொண்டூழியம் செய்கிறேன். கணினி வேலை எல்லாம் என் பொறுப்பு. உறுப்பினர் பட்டியல், கணக்கு, பழைய நிகழ்ச்சிப் படங்கள் என அனைத்தும் அலமாரிக்குள் இருக்கும் ஒரு சின்ன சர்வரில்தான் இருக்கின்றன. அலுவலகத்திலிருந்த விண்டோஸ் 7 கணினி ஒருநாள் நின்றுபோனது. புது மடிக்கணினி வாங்கி வைத்தோம். அதிலிருந்த உலாவியில் (பிரவுசரில்) சர்வரின் நிர்வாகப் பக்கம் திறக்கவே இல்லை. பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்த முடியவில்லை என்று மட்டும் திரையில் வந்தது.

கணக்குப் பார்க்கும் பெரியவர், "என்ன தம்பி, சர்வர் கெட்டுப் போச்சா?" என்று கேட்டார். "இல்லைங்க ஐயா, கம்பேட்டிபிலிட்டி பிரச்சினை" என்றேன். "அப்படின்னா?" என்றார். சட்டென்று தமிழில் சொல்ல எனக்கு வரவில்லை. சர்வரும் கெடவில்லை, மடிக்கணினியும் கெடவில்லை, ஆனாலும் வேலை நடக்கவில்லை. இந்த நிலைக்குத் தமிழில் என்ன பெயர்?

முதலில் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அதன் வேர் லத்தீன். 'கொம்' என்றால் உடன், 'பத்தி' என்றால் துன்பப்படுதல், தாங்கிக்கொள்ளுதல். நோயாளியைக் குறிக்கும் 'பேஷண்ட்', இரக்கத்தைக் குறிக்கும் 'கம்பேஷன்' ஆகிய ஆங்கிலச் சொற்களும் இதே வேரில் முளைத்தவைதான். இடைக்கால ஐரோப்பாவில் இது திருச்சபை நிர்வாகச் சொல்லாக இருந்தது. ஒரு பதவியை வகிக்கும் குருவானவர் அதோடு இன்னொரு பதவியையும் வைத்துக்கொள்ளலாம் என்றால், அந்த இரண்டாவது பதவியை இந்தச் சொல்லால் குறித்தார்கள். இயந்திரங்களுக்கு இந்தச் சொல் வந்து சேர்ந்தது வெகுகாலம் கழித்து.

இதைப் படித்தபோது எனக்கு ஒன்று பளிச்சென்று தோன்றியது. உடன் + படு. நம்முடைய 'உடன்படு' என்ற சொல்லின் கட்டமைப்பும் இதேதான்! இரண்டு மொழிகளுக்கும் உறவு கிடையாது. ஆனால், சேர்ந்து இருப்பது என்றால் சேர்ந்து படுவது என்று இரண்டும் தனித்தனியே கண்டுகொண்டிருக்கின்றன. 'உடன்பாடு' மட்டும் ஒப்பந்தம், சம்மதம் என்ற பொருளில் நிலைபெற்றுவிடாமல் இருந்திருந்தால் கம்பேட்டிபிலிட்டிக்கு இதைவிட நெருக்கமான சொல் இருந்திருக்காது.

சரி, மற்றவை? ஒத்தியல்பு, ஒத்திசைவு, ஏற்புடைமை, பொருத்தம், இணக்கம் என்று பல சொற்கள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒத்தியல்பு, ஒரே மாதிரி இருப்பது என்ற எண்ணத்தைத் தருகிறது. உலாவியும் சர்வரும் ஒரே மாதிரியான பொருள்கள் அல்லவே. ஒத்திசைவு இசைக்கும் அதிர்வுக்கும் போய்விட்டது. ஏற்புடைமையில் ஒருவர் ஏற்பவர், மற்றவர் ஏற்கப்படுபவர். இருவருக்கும் சம பங்கு இல்லை.

உண்மையான போட்டி பொருத்தத்துக்கும் இணக்கத்துக்கும் இடையில்தான். பொருத்தம் நமக்கு நன்கு பழகிய சொல். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம், விளக்கைத் தாங்கியில் பொருத்துகிறோம். ஒருமுறை பார்த்து முடித்தால் முடிந்தது. ஜாதகத்தை யாரும் மாதாமாதம் எடுத்துப் பார்ப்பதில்லை. இணக்கம் அப்படியில்லை. 'இணங்கு' என்ற வினைக்கு மனம் ஒத்துப்போதல், விட்டுக்கொடுத்தல் என்ற பொருள்கள் உண்டு. அன்றாடம் இரண்டு தரப்பும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால்தான் இணக்கம் நிலைக்கும். பத்துப் பொருத்தமும் பார்த்துச் செய்த கல்யாணத்தில் இணக்கம் இல்லாமல் போவதை நாம் எத்தனை வீடுகளில் பார்க்கிறோம்!

உலாவிக்கும் சர்வருக்கும் இடையில் நடப்பது இந்த இரண்டாவது வகை. அலமாரியில் இருக்கும் சர்வர் பல ஆண்டுகளாக அசையாமல் இருந்தது. ஆனால், குரோம் உலாவி சில வாரங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பு வெளியிடுகிறது. பழைய வழக்கங்களையும் ஒவ்வொன்றாகக் கைவிடுகிறது. பல நிர்வாகப் பக்கங்கள் நம்பியிருந்த ஜாவா செருகுநிரலை (பிளக்-இன்) அது 2015இல் நிறுத்தியது, ஃபயர்ஃபாக்ஸ் 2017இல் நிறுத்தியது. ஃபிளாஷ் என்ற இன்னொரு செருகுநிரல் 2020 இறுதியோடு முடிந்தது. பாதுகாப்பான இணைப்புக்கான டிஎல்எஸ் நெறிமுறையின் 1.0, 1.1 பதிப்புகளை முக்கிய உலாவிகள் எல்லாம் 2020இல் கைவிடத் தொடங்கின. சர்வர் எந்தத் தவறும் செய்யவில்லை, ஆனால் அது பேசிய பழைய பேச்சுக்குக் காதுகொடுக்க யாரும் இல்லாமல் போனார்கள். நேற்று வரை பொருந்தியது இன்று இணங்கவில்லை.

இந்த விட்டுக்கொடுத்தலுக்கு உலாவிகளின் வரலாற்றிலேயே ஒரு சான்று இருக்கிறது. 1990களில் நெட்ஸ்கேப் உலாவி தன்னை 'மொசில்லா' என்று அறிவித்துக்கொள்ளும். அந்தப் பெயரைக் கண்டால்தான் சில சர்வர்கள் தங்கள் முழுமையான பக்கத்தை அனுப்பின. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் வந்தபோது அதுவும் தன்னை மொசில்லா என்றே சொல்லிக்கொண்டு, அடைப்புக்குறிக்குள் 'கம்பேட்டிபிள்' என்று எழுதி, அதன் பிறகே தன் சொந்தப் பெயரைச் சொன்னது. இன்றும் குரோம், சஃபாரி, எட்ஜ் எல்லாமே 'மொசில்லா/5.0' என்றுதான் பேச்சைத் தொடங்குகின்றன.

சிங்கப்பூர்த் தமிழருக்கு இணக்கம் புதிய சொல்லே அல்ல. 1964ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் தேதி நடந்த கலவரத்தை நினைவில் வைத்துப் பள்ளிகளில் இன நல்லிணக்க நாள் அனுசரிக்கிறோம். வேறுபட்டவர்கள் வேறுபட்டவர்களாகவே இருந்து சேர்ந்து வாழ்வதுதான் நல்லிணக்கம் என்று தொடக்கப்பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லும். அதே பொருளை இயந்திரங்களுக்கு எடுத்துக்கொண்டால் போதும். அப்புறம் இன்னொன்று: 'இணையம்' என்ற சொல்லைத் தந்தவர் என்று இங்கே பலரும் நினைவுகூர்வது நம் நா. கோவிந்தசாமியை. 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகள் இணையத்தில் ஏறியபோது தமிழும் திரையில் தெரிய உழைத்தவர் அவர். இணை, இணங்கு, இணையம், இணக்கம் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் சொற்கள். இணையத்தில் வரும் சிக்கலுக்கு இணக்கச் சிக்கல் என்று பெயர் வைப்பது எவ்வளவு இயல்பாக இருக்கிறது!

எதிர்ச்சொல்லும் தேட வேண்டியதில்லை. இணக்கத்துக்கு எதிர் பிணக்கு. பிணக்கைத் தீர்க்கப் போகிறவர் முதலில் என்ன கேட்பார்? உங்களில் யார் மாறினீர்கள் என்றுதானே. சர்வர் பிணக்கிலும் அதுதான் முதல் கேள்வி. மாறியது உலாவியா, சர்வரா, நடுவில் தேங்கிய பழைய நினைவா? உலாவியின் தனிப்பட்ட சாளரத்தில் (இன்காக்னிட்டோ) திறந்து பாருங்கள். தளங்கள் விட்டுச்சென்ற பழைய குக்கியும் தற்காலிகச் சேமிப்பும் உலாவியில் நாம் சேர்த்த நீட்சிகளும் (எக்ஸ்டென்ஷன்) பெரும்பாலும் அதில் விலகிக்கொள்ளும். அதில் பக்கம் திறந்தால் குற்றம் சேமிப்பிலோ நீட்சியிலோ இருக்கிறது. வேறொரு உலாவியிலும் இதே பிழை வந்தால் சர்வர் பக்கம் திரும்பலாம். திரையில் வரும் பிழைச் செய்தியை எழுத்து மாறாமல் குறித்துக்கொள்ளுங்கள். டிஎல்எஸ் பதிப்பு என்று வந்தால் ஒரு வழி, சர்வரின் அடையாளச் சான்றிதழ் என்று வந்தால் வேறு வழி.

சங்கத்து சர்வரில் வந்தது டிஎல்எஸ் பிழை. வீட்டிலிருந்த என் பழைய மடிக்கணினியை எடுத்துப் போனேன். இணையத்தைத் துண்டித்துவிட்டு சர்வரோடு நேராகக் கம்பி போட்டு இணைத்து, அதிலிருந்த பழைய ஃபயர்ஃபாக்ஸ் வழியாக சர்வரின் மென்பொருளைப் புதுப்பித்தேன். புது உலாவியின் பாதுகாப்பைத் தளர்த்தி உள்ளே போகும் குறுக்குவழிகள் சில உண்டு. அவற்றை நான் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. ஒரு பெட்டிக்காகத் தளர்த்திய பாதுகாப்பு, அந்தக் கணினியில் திறக்கும் மற்றத் தளங்களுக்கும் தளர்ந்தே கிடக்கும். புதுப்பித்த பிறகு பக்கம் திறந்தது, ஆனால் இடப்பக்கப் பட்டியை (மெனு) காணவில்லை. அது வெறும் சேமிப்புத் தொல்லை. கண்ட்ரோலையும் எஃப்5ஐயும் சேர்த்து அழுத்தியதும் வந்துவிட்டது.

இப்போது சொற்களைக் கோத்துப் பார்க்கிறேன். கம்பேட்டிபிலிட்டி மோட் 'இணக்க நிலை'. சோதித்துப் பார்ப்பது 'இணக்கச் சோதனை'. பழைய பதிப்புகளையும் அரவணைத்துப் போவது 'பின்னிணக்கம்'. இது கொஞ்சம் புதிதாக ஒலித்தாலும் பழகிவிடும். மென்பொருளைத் தமிழாக்குகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: 'உங்கள் உலாவி பொருத்தமற்றது' என்று எழுதாதீர்கள். படிப்பவர் தன் கணினியில்தான் குறை என்று நினைத்துப் பதறுவார். 'இந்தப் பக்கமும் உங்கள் உலாவியும் இணங்கவில்லை' என்று எழுதினால் பழி ஒருபக்கம் சாயாது.

அடுத்த சனிக்கிழமை பெரியவரிடம், "சர்வர் நல்லாத்தான் இருந்துச்சு ஐயா, புதுக் கணினியோட இணக்கம் இல்லாமப் போச்சு" என்றேன். "அதைத்தானே அன்னைக்கே சொல்லியிருக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கணக்கைத் திறந்தார்.