ஊசி போட்ட அன்றிரவு வலி ஏன் திரும்பி வந்தது?

தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறையில் அரை மணி நேரம் நின்று பார்த்தாலே போதும், அந்த வேலை முதுகை என்ன பாடு படுத்தும் என்பது விளங்கிவிடும். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூ அச்சு. அதன் முன்னால் குத்தவைத்துக் குனிந்து, வண்ண சிமெண்ட் கலவையைக் கரண்டி கரண்டியாக ஊற்றி, கை நடுங்காமல் அச்சைத் தூக்க வேண்டும். அதன் மேல் உலர்ந்த சிமெண்ட் மணலைத் தூவி, ஈரக் கலவையை நிரப்பித் தேய்க்க வேண்டும். இறுகிய கற்களைத் தூக்கித் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்குவது தனிப் பாடு.

எனக்குத் தெரிந்த ஒருவர் இருபது ஆண்டுகளாக இந்த வேலையில் இருப்பவர். ஒரு நாள் தொட்டிக்குள் கல்லை இறக்கும்போது இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது. மறுநாள் காலையில் வலி இடது பிட்டத்தில் கிளம்பி, தொடை, கெண்டைக்கால் வழியாகக் கால் பெருவிரல் வரை ஷாக் அடித்ததுபோல ஓடியது. மாத்திரை, பெல்ட், எண்ணெய்த் தடவல் என்று ஆறு வாரம் போனது. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த மதுரை மருத்துவர், "முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வு விலகி நரம்பைத் தொடுகிறது, முதுகில் ஓர் ஊசி போட்டுப் பார்க்கலாம்" என்றார்.

அவர் பயந்தார். வலியைவிட ஊசிக்கே அதிகம் பயந்தார். அவர் மனைவியும் சம்மதிக்கவில்லை. "சிசேரியனுக்கு முதுகில் போட்ட ஊசியால்தான் எனக்கு இன்றுவரை இடுப்பு வலி" என்று அவர் உறுதியாக நம்புகிறார். நம் ஊரில் பிள்ளை பெற்ற பெண்களில் பாதிப் பேர் இதைச் சொல்வார்கள். ஆய்வுகளில் இதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. பேறுகாலமும், பிள்ளையை இடுப்பில் தூக்கிச் சுமப்பதுமே முதுகு வலிக்குப் போதுமான காரணங்கள். அதோடு, அந்த ஊசி வேறு, இது வேறு. தண்டுவடத்தையும் நரம்புகளையும் சூழ்ந்திருக்கும் நீரை ஓர் உறை மூடியிருக்கிறது. சிசேரியனுக்குப் பெரும்பாலும் போடும் ஊசி அந்த உறையைத் துளைத்து நீருக்குள் போகும். வலிக்கான ஊசியோ உறைக்கு வெளியே, கொழுப்பும் சிறு ரத்தக் குழாய்களும் நிறைந்த ஒடுங்கிய இடைவெளியோடு நின்றுவிட வேண்டும். தவறி உறை துளைபட்டால், எழுந்து உட்கார்ந்ததும் மண்டையைப் பிளக்கும் தலைவலி வரும், படுத்தால் அடங்கும்.

அறுவை அரங்கின் கதவு வரை நானும் போனேன். உள்ளே நடந்தது அவர் சொல்லித் தெரிந்தது. குப்புறப் படுக்கவைத்து வயிற்றுக்குக் கீழே தலையணை வைத்தார்கள். முதுகில் மருந்து தடவியபோது ஐஸ் வைத்ததுபோல் இருந்தது. முதலில் தோலை மரத்துப்போக வைக்கும் ஊசி, கட்டெறும்புக் கடிபோல. அதன் பிறகு வலி இல்லை, யாரோ கட்டைவிரலால் அழுத்துவதுபோல ஓர் அமுக்கம் மட்டும். எக்ஸ்ரே படம் அடிக்கடி திரையில் வந்து போனது. நரம்பு வெளியேறும் துவாரத்துக்கு அருகே ஊசி முனை வந்ததும், எக்ஸ்ரேயில் தெரியும் சாயத்தைச் செலுத்திப் பார்த்துவிட்டு மருந்தை ஏற்றினார்கள். அந்தக் கணத்தில் பிட்டத்திலிருந்து பெருவிரல் வரை பழைய வலி பாய்ந்தது. "ஐயோ, அதேதான் சார், அதே வலி!" என்று கத்தியிருக்கிறார். மருத்துவர் "நல்லது" என்றாராம். "நான் கத்துகிறேன், அவர் நல்லது என்கிறார்" என்ற கோபம் இவருக்கு இன்னும் ஆறவில்லை. மருத்துவர் சொன்னதில் பொருள் இருக்கிறது. வீங்கிய நரம்பின் பக்கத்தில் திரவம் இறங்கும்போது அந்த நரம்பு தன் வழக்கமான வலியையே எழுப்பும். சரியான கதவைத் தட்டியிருக்கிறோம் என்பதற்கு அது ஓர் அடையாளம்.

அரை மணி நேரத்தில் வலி போய்விட்டது. கால் மட்டும் கொஞ்சம் கனத்தது. மதுரையிலிருந்து காரைக்குடி வரை ஒவ்வொரு வேகத்தடைக்கும் நான்தான் பல்லைக் கடித்தேன், அவர் சிரித்துக்கொண்டே வந்தார். இரவு பத்து மணிக்குத் தொலைபேசியில் அழைத்தார். வலி பழையபடி, ஒருவேளை கூடுதலாகவே, திரும்பிவிட்டது. "ஏமாந்துவிட்டோம் அண்ணே" என்றார்.

ஏமாறவில்லை. ஊசிக்குள் இருந்தவை இரண்டு மருந்துகள், இரண்டும் வெவ்வேறு வேகத்தில் வேலை செய்பவை. ஒன்று மரத்துப்போக வைக்கும் மருந்து. நரம்பு செய்தி அனுப்ப வேண்டுமென்றால் அதன் சவ்வில் உள்ள நுண்வாசல்கள் வழியே சோடியம் உள்ளே நுழைய வேண்டும். இந்த மருந்து அந்த வாசல்களை அடைத்துவிடும். நிமிடங்களில் பலிக்கும், சில மணி நேரத்தில் ரத்தத்தோடு கரைந்து போய்விடும். மற்றொன்று ஸ்டீராய்டு. அது செல்லுக்குள் புகுந்து, மரபணுக்கள் படிக்கப்படும் விதத்தையே மாற்றி, அழற்சியை, அதாவது வீங்கிச் சிவந்து வலிப்பதை, தூண்டும் புரதங்களின் உற்பத்தியைக் குறைக்க வேண்டும். உற்பத்தி குறைந்தாலும் ஏற்கெனவே வந்த வீக்கம் வடியச் சில நாட்கள் பிடிக்கும். முதல் மருந்து விலகி இரண்டாவது இன்னும் பிடிக்காத இடைவெளியில்தான் அவர் என்னை அழைத்தார். இதை முன்கூட்டியே ஒரு வாக்கியத்தில் சொல்லியிருந்தால் அந்த இரவு அவருக்கு அவ்வளவு கொடுமையாக இருந்திருக்காது. நான்காம் நாள் காலையில் அவரே நடந்து தேநீர்க் கடைக்கு வந்தார்.

விலகிய ஜவ்வை ஸ்டீராய்டு உள்ளே தள்ளிவிடுவதில்லை. பிறகு எப்படி வலி போனது? வலிக்கு நசுக்கல் மட்டும் காரணமில்லை. ஜவ்வு ஒரு கொழுக்கட்டை என்றால், உள்ளிருக்கும் பூரணத்துக்கு ரத்தக் குழாயே கிடையாது. உடலின் காவல் அணுக்கள் அதைப் பெரும்பாலும் பார்த்ததே இல்லை. மாவு வெடித்துப் பூரணம் வெளியே பிதுங்கியதும் அதை அந்நியப் பொருளாக எண்ணிப் பாய்கின்றன. அந்தச் சண்டையில் பக்கத்து நரம்பு வீங்கிச் சிவக்கிறது. ஸ்டீராய்டு அணைப்பது இந்த நெருப்பைத்தான். அதே காவல் அணுக்கள் பிதுங்கியதைச் சில மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்ப்பதும் உண்டு. நெருப்பு இல்லையென்றால் ஜவ்வு பிதுங்கியிருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. முதுகு வலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்து 1994இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், 52 சதவீதம் பேருக்கு ஏதாவது ஓர் இடத்தில் ஜவ்வு புடைத்திருந்தது. ஸ்கேன் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அழுபவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

இவர் கதையைக் கேட்டுவிட்டு, கானாடுகாத்தானில் இருக்கும் என் அயித்தையும் அதே ஊசியைப் போட்டுக்கொண்டார். பல முறை பழனிக்குப் பாதயாத்திரை போய்வந்த கால்கள் அவருடையவை. இப்போது கோயிலுக்குப் போகும் ஒரே தெருவில் மூன்று வீட்டுத் திண்ணைகளில் உட்கார வேண்டியிருக்கிறது. நடந்தால் இரண்டு காலும் கடுத்து மரத்துவிடும், உட்கார்ந்து முன்னால் குனிந்தால் உடனே சரியாகிவிடும். இது பிதுங்கிய பூரணத்தின் சேட்டை இல்லை. வயதாக ஆக எலும்பும் தசைநாரும் தடித்துத் தண்டுவடக் கால்வாய் குறுகிவிட்டது. குனியும்போது கால்வாய் கொஞ்சம் அகலமாகிறது, நிமிர்ந்தால் மறுபடி இறுகுகிறது.

ஊசிக்குப் பிறகு இரண்டு வாரம் சுகம் என்றார். மூன்றாவது வாரம் மறுபடி திண்ணை. அவருக்குச் சர்க்கரையும் உண்டு. ஊசி போட்ட மறுநாளிலிருந்து நான்கைந்து நாள் சர்க்கரை எகிறியது, முகம் சிவந்து சுட்டது, தூக்கம் பிடிக்கவில்லை. இவை ஸ்டீராய்டின் தெரிந்த பக்க விளைவுகளே. ஆனால் அவரிடம் யாரும் எச்சரிக்கவில்லை. சர்க்கரை உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் இதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

அயித்தைக்கு நேர்ந்ததில் வியப்பில்லை. கால்வாய் குறுகிய 400 பேரை வைத்து நடத்திய சோதனை 2014இல் வெளியானது. பாதிப் பேருக்கு மரத்துப்போகும் மருந்து மட்டும், மீதிப் பேருக்கு அதோடு ஸ்டீராய்டும் கொடுத்தார்கள். ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை. 2025இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வந்த வழிகாட்டுதல் இன்னும் கண்டிப்பானது. புற்றுநோயோ அழற்சி மூட்டு நோயோ காரணமில்லாமல் 3 மாதத்துக்கு மேல் நீடிக்கும் முதுகெலும்பு வலிக்கு இவ்வகை ஊசிகளே வேண்டாம் என்கிறது. வலி சிகிச்சை மருத்துவர்கள் பலர் இதை எதிர்த்தார்கள். பலவகை வலிகளை ஒரே மூட்டையில் கட்டிவிட்டார்கள் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருப்பதாகவே எனக்கும் படுகிறது. ஆனாலும் "இன்னும் இரண்டு ஊசி போட்டால் சரியாகிவிடும்" என்று அயித்தைக்குச் சொல்லப்பட்டபோது, வேண்டாம் என்று தடுத்தவன் நான்தான். ஆண்டுக்கணக்கில் தங்கிவிட்ட வலியில் அணைப்பதற்கு நெருப்பு பெரிதாக மிஞ்சியிருப்பதில்லை, வலியை உணரும் நரம்பு மண்டலமே கூர்மையாகிவிட்டிருக்கும். ஊசி முனை அவ்வளவு தூரம் எட்டாது.

கல் வேலைக்காரர் மூன்று மாதம் கழித்துப் பட்டறைக்குத் திரும்பினார். இப்போது கண்ணாடித் தகட்டை இடுப்பு உயர மேசையில் வைத்து நின்றபடி கலவை ஊற்றுகிறார். தொட்டிக்குள் கல் இறக்குவதை அவர் மகன் பார்த்துக்கொள்கிறான். நின்று செய்தால் பூவின் ஓரம் பழைய சுத்தமாக வரவில்லை என்று அவருக்கு ஒரு குறை இருக்கிறது.